குண்டாஸ் போட்டால் என்ன ஆகிறது? தடுப்புக் காவல் பற்றி ஓர் எளிய விளக்கம்

“தம்பி, ஒரு வருஷம்னு எந்த ஜட்ஜு சொன்னாரு? எல்லா வாய்தாவுக்கும் நான் போயிருந்தேனே, யாரும் அப்படிச் சொல்லலையே.”

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் என் வேலை. தெருவோரம் இட்லிக் கடை போட்டிருக்கும் ஓர் அம்மா, மகன் மேல் குண்டாஸ் போட்டுவிட்டார்கள் என்று மஞ்சள் பையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து கேட்ட கேள்வி இது. எந்த நீதிபதியும் சொல்லவில்லை என்பதுதான் அதற்குப் பதில். அந்த ஒரு வருடம் ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்ட ஆணையிலிருந்து வருகிறது. விசாரணை நடக்கவில்லை, சாட்சி யாரும் கூண்டில் ஏறவில்லை, தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை. இதைச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டில் ‘குண்டாஸ்’ என்ற சொல் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அது என்ன என்று கேட்டுப்பாருங்கள். பெரிய குற்றத்துக்குக் கொடுக்கிற பெரிய தண்டனை என்பார் ஒருவர். ஜாமீன் கிடைக்காத கேஸ் என்பார் இன்னொருவர். ரவுடி என்று நிரூபித்துவிட்டார்கள் என்பவர்களும் உண்டு. மூன்றுமே தவறு. யார் வீட்டுக் கதவையும் தட்டக்கூடிய ஓர் அதிகாரத்தைப் பற்றி நாம் இவ்வளவு மேம்போக்காகப் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. அதனால்தான் அடியிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். சட்டம் படிக்காதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சட்ட நுணுக்கங்களை முடிந்தவரை விட்டுவிடுகிறேன்.

## மேய்ந்த மாடும் மேயப்போகும் மாடும்

கிராமங்களில் பவுண்டு என்று ஒரு பட்டி இருந்தது. அடுத்தவர் வயலில் மாடு மேய்ந்தால் பிடித்துக்கொண்டுபோய் அதில் அடைப்பார்கள். சொந்தக்காரர் அபராதம் கட்டி ஓட்டிக்கொண்டு போகவேண்டும். அங்கே கேள்வி ஒன்றுதான்: மேய்ந்ததா, இல்லையா? வயலைப் போய்ப் பார்க்கலாம். குளம்புத் தடம் இருக்கும். பார்த்தவர் யாராவது சொல்வார்.

இப்போது வேறொன்றை நினைத்துப் பாருங்கள். மாடு வயலில் இறங்கவே இல்லை. ஆனால் ‘இது ஏற்கெனவே ரெண்டு தடவை மேய்ந்த மாடு, விட்டால் இன்றைக்கு ராத்திரி திரும்ப இறங்கும்’ என்று தலையாரி சொல்கிறார். அவர் பேச்சை நம்பி மாட்டை முன்கூட்டியே அடைத்துவிடுகிறார்கள். இங்கே போய்ப் பார்க்க வயல் இல்லை, தடம் இல்லை. இனிமேல் நடக்கப்போவதாகச் சொல்வதை நிரூபிக்கவும் முடியாது, பொய் என்று காட்டவும் முடியாது.

முதலாவது தண்டனை. இரண்டாவதுதான் தடுப்புக் காவல்: ஒருவர் இனிமேல் ஏதாவது செய்துவிடுவார் என்ற கணிப்பில், விசாரணை இல்லாமல் அவரை அடைத்து வைப்பது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பழைய வழக்குகள் அதில் சாட்சியாக வருகின்றனவே தவிர, அடைப்பதற்கான காரணம் எதிர்காலம்தான்.

ஆகவே, குண்டாஸில் உள்ளே இருப்பவர் அந்த ஆணையின்படி குற்றவாளி இல்லை. அவர் மேல் உள்ள வழக்குகள் தனியாக நடக்கும். அதில் அவர் விடுதலை ஆகவும் கூடும். குண்டாஸ் ஆணைக்கு எதிராக ஜாமீன் மனு போடவும் முடியாது. ஜாமீன் என்பது விசாரணையை எதிர்நோக்கி இருப்பவருக்கு. இங்கே விசாரணையே கிடையாது.

## அரசியல் சாசனத்திலேயே உள்ள ஓட்டை

நம் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. அடுத்த பிரிவு 22 கைதானவருக்கான உரிமைகளைச் சொல்கிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விடவேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவேண்டும். இதெல்லாம் சினிமா பார்த்தே நமக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாதது அதே 22-ஆவது பிரிவின் பின்பாதி. தடுப்புக் காவல் சட்டப்படி பிடிக்கப்பட்டவருக்கு மேலே சொன்ன உரிமைகள் பொருந்தாது என்று அங்கே எழுதியிருக்கிறது. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே, சமாதான காலத்துக்கும் சேர்த்து, விசாரணையற்ற காவலுக்கு ஒரு கதவை வைத்திருக்கிறார்கள்.

கதவை வைத்தவர்கள் அதற்குச் சில தாழ்ப்பாள்களும் வைத்தார்கள். காவலுக்கான காரணங்களை விரைவில் தெரிவிக்கவேண்டும். அவற்றுக்கு எதிராக முறையீடு செய்ய உடனே வாய்ப்புத் தரவேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதென்றால், உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர்கள், இருந்தவர்கள், அல்லது அந்தத் தகுதி உள்ளவர்களைக் கொண்ட குழு ஒன்று போதிய காரணம் இருக்கிறது என்று சொல்லவேண்டும். அந்தக் குழுவுக்குத் தமிழில் அறிவுரைக் கழகம் என்று பெயர். இந்தச் சின்னத் தாழ்ப்பாள்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் மீதிப் பகுதி அவற்றைப் பற்றியதுதான்.

## ரௌலட்டும் மிசாவும் கடந்து வந்த வழி

இந்த அதிகாரம் வெள்ளைக்காரன் காலத்துச் சொத்து. வங்காளத்தில் 1818-லேயே விசாரணை இல்லாமல் அடைக்க ஒழுங்குமுறைச் சட்டம் போட்டார்கள். 1919-ல் ரௌலட் சட்டம் வந்தபோது நாடே கொதித்தது. கடையடைப்பும் உண்ணாநோன்புமாக நாடு முழுக்க ஒரு நாள் எதிர்ப்பு நடத்தலாம் என்ற எண்ணம், சென்னையில் ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் தனக்குத் தோன்றியது என்று காந்தி பின்னாளில் எழுதினார்.

அப்படிப் போராடி வந்த சுதந்திர இந்தியா, அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம் முடிவதற்குள், 1950 பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன முதல் பெரிய வழக்கு நம் மாகாணத்து வழக்கு. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து ஏதோ ஒரு காவலில் இருந்துகொண்டே இருந்தார். ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாகாணம் என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் அந்த வழக்கில், சட்டமன்றம் சட்டம் போட்டிருக்கிறது, அதன்படி நடந்திருக்கிறார்கள், அது போதும் என்று 1950-ல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. நடைமுறை நியாயமானதா என்று பார்ப்பது தங்கள் வேலை இல்லை என்றார்கள். நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார்.

அந்தப் பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நெருக்கடி நிலை காட்டியது. 1975 ஜூன் 25-க்குப் பிறகு மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் கைதுகள் தொடங்கின. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிக்கப்பட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடிகளுக்குப் பிறகு உயிரோடு மீளவில்லை. நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் இதை விசாரித்தது.

அதே 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையில் காவலை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. விசாரணையின்போது, ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால்கூட வழி இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசு பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்கவில்லை.

சரி, அப்புறம் என்ன ஆனது? 1978-ல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் முறையாகவும் இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 21-ஆவது பிரிவை முடக்க முடியாது என்று ஆக்கியது. 1976 தீர்ப்பு தவறு என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமை வழக்கில் அறிவித்தது. இவ்வளவுக்குப் பிறகும் தடுப்புக் காவல் என்ற கதவு மட்டும் மூடவில்லை. அதே 44-ஆவது திருத்தத்தில், மூன்று மாதத்தை இரண்டு மாதமாகக் குறைத்து, அறிவுரைக் கழகத்தைப் பலப்படுத்தும் ஒரு பகுதியும் இருந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பகுதியை எந்த மத்திய அரசும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. காங்கிரஸ், ஜனதா, பா.ஜ.க., கூட்டணிகள் எல்லாம் வந்து போயின. என்னை மிகவும் உறுத்துவது இதுதான். எதிர்க்கட்சியாக இருக்கும்போது இந்த அதிகாரத்தைத் திட்டுபவர்கள் ஆட்சிக்கு வந்ததும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

## சட்டத்தின்படி யார் ‘குண்டர்’?

நாம் குண்டாஸ் என்பது தமிழ்நாடு சட்டம் 14/1982. எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. கள்ளச்சாராயக்காரர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபச்சாரத் தொழில் நடத்துவோர், குடிசைப் பகுதி நிலம் அபகரிப்போர் என்று ஆரம்பத்தில் சில வகையினர்தான் அதில் இருந்தார்கள். பிறகு வனக் குற்றம், மணல் கடத்தல் என்று பட்டியல் நீண்டது. 2004-ல் திருட்டு வீடியோ வந்தது. 2014-ல் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்தில் மக்களுக்குக் கோபம் எதன் மேல் இருந்ததோ அது உள்ளே வந்தது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பதிலாகத் தரப்பட்டது விரைவான விசாரணை இல்லை, விசாரணையற்ற காவல்.

‘குண்டர்’ என்பதற்குச் சட்டத்தில் பொருள்: அடிதடி, கொலை முயற்சி, திருட்டு, வழிப்பறி போன்ற, உடலுக்கோ சொத்துக்கோ எதிரான குற்றங்களை வழக்கமாகச் செய்பவர். ‘வழக்கமாக’ என்ற சொல் முக்கியம். அதைக் காட்டத்தான் ஆணையில் பழைய வழக்குகளை வரிசையாக எழுதுவார்கள். அவற்றை அட்வெர்ஸ் கேஸ் என்பார்கள். கடைசியாக, ஆணைக்கு உடனடிக் காரணமாகக் காட்டப்படும் வழக்கு கிரவுண்ட் கேஸ். அட்வெர்ஸ் கேஸ்களில் தண்டனை ஆகியிருக்கவேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. நிலுவையில் இருந்தாலே போதும்.

2017-ல் என்ன நடந்தது என்று நினைவிருக்கலாம். மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்த வந்த திருமுருகன் காந்தி மேலும் தோழர்கள் மேலும் குண்டாஸ். சேலத்தில் நெடுவாசல் போராட்டத்துக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த மாணவி ஒருவர் மேல் குண்டாஸ். அந்த ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. அது அ.தி.மு.க. ஆட்சி. 2024-ல், தி.மு.க. ஆட்சியில், யூடியூபர் சவுக்கு சங்கர் மேல் போட்ட ஆணையை உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் ரத்து செய்தது. சில நாட்களிலேயே இரண்டாவது ஆணை வந்தது. செப்டம்பரில் அதை அரசே திரும்பப் பெற்றது. இவர்கள் பேசியது உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். சாராயம் காய்ச்சுபவருக்கென்று வெட்டிய பள்ளத்தில் பேசுபவரும் விழுகிறார் என்பதைத்தான் காட்டவந்தேன்.

## குளத்தில் விழுந்த கல்

எல்லாக் குற்றத்துக்கும் குண்டாஸ் போட முடியாது. ‘பொது ஒழுங்கு’ கெடவேண்டும். இது ‘சட்டம் ஒழுங்கு’ என்று நாம் சொல்வதிலிருந்து வேறுபட்டது; நீதிமன்றத்தில் பாதி வாதம் இதைச் சுற்றித்தான் நடக்கும்.

குளத்தில் ஒரு கல் விழுந்தால் வளையம் வளையமாக அலை பரவும். 1965-ல் வந்த ராம் மனோகர் லோகியா வழக்கின் தீர்ப்பில் நீதிபதி இதாயதுல்லா இப்படித்தான் மூன்று வட்டங்களை வரையச் சொன்னார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள் சிறிய வட்டம் பொது ஒழுங்கு. அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. எல்லாக் குற்றமும் பெரிய வட்டத்துக்குள் வரும். பொது ஒழுங்கு வட்டத்துக்குள் வருபவை கொஞ்சம்தான்.

இரண்டு பங்காளிகள் வாய்க்கால் தகராறில் வெட்டிக்கொள்கிறார்கள். கொடுமையான குற்றம்தான். ஆனால் அடுத்த தெருவில் கடை திறந்திருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். இது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. கொலை முயற்சி வழக்கு போதும். அதே ஆள் சந்தையில் அரிவாளைச் சுழற்றி, கடைகளை அடைக்க வைத்து, பேருந்தை நிறுத்தி, ஊரையே வீட்டுக்குள் பூட்டினால் அது பொது ஒழுங்கைத் தொடும். குற்றத்தின் கொடூரம் அளவுகோல் இல்லை. அலை எவ்வளவு தூரம் போனது என்பதுதான் அளவுகோல்.

அதனால்தான் இந்த ஆணைகளில் ‘பொதுமக்கள் பயந்து ஓடினார்கள், கடைகளை அடைத்தார்கள், போக்குவரத்து பாதித்தது’ என்ற வரிகள் திரும்பத் திரும்ப வரும். ஊர் மாறும், பெயர் மாறும், அந்த வரி மாறாது. எத்தனையோ தடவை நானே அதைத் தட்டச்சு செய்திருக்கிறேன்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: விசாரணை இல்லாமல், எதிர்காலக் கணிப்பில், பொது ஒழுங்கைக் காக்க என்று சொல்லி ஒருவரை அடைப்பதுதான் குண்டாஸ். அதை அரசியல் சாசனம் அனுமதிக்கிறது. கூடவே சில நிபந்தனைகளும் போடுகிறது.

## ஆணை எப்படிப் பிறக்கிறது

பெரும்பாலும் ஆள் ஏற்கெனவே கிரவுண்ட் கேஸில் ரிமாண்டில் இருப்பார். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் கோப்பு தயாரித்து மேலே அனுப்புவார். மாநகரமாக இருந்தால் போலீஸ் கமிஷனர், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர் அதைப் படித்துப் பார்த்து, தன் மனம் நிறைந்தால் காவல் ஆணையில் கையெழுத்திடுவார். சிறையில் இருப்பவருக்குச் சிறையிலேயே ஆணையைக் கொடுப்பார்கள்.

அதன் பிறகு நாள்காட்டி ஓடத் தொடங்கும். ஜூன் 1-ல் ஆணை வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாளுக்குள், அதாவது ஜூன் 6-க்குள், காரணங்களும் ஆவணங்களும் கையில் கிடைக்கவேண்டும். பன்னிரண்டு நாளுக்குள், ஜூன் 13-க்குள், மாநில அரசு ஒப்புதல் தரவேண்டும். தராவிட்டால் ஆணை செத்துவிடும். மூன்று வாரத்துக்குள், ஜூன் 22-க்குள், விஷயம் அறிவுரைக் கழகத்துக்குப் போகவேண்டும். ஏழு வாரத்துக்குள், ஜூலை 20-க்குள், கழகம் அறிக்கை தரவேண்டும். போதிய காரணம் இல்லை என்று கழகம் சொன்னால் விடுவிக்கவேண்டும். இருக்கிறது என்றால் அரசு ஆணையை உறுதி செய்யும். அதிகபட்சம் 12 மாதம்.

அந்த அம்மா கேட்ட ‘ஒரு வருஷம்’ இங்கிருந்துதான் வருகிறது.

அறிவுரைக் கழகத்தின் முன்னால் வழக்கறிஞர் வைத்து வாதாட உரிமை கிடையாது. அடைக்கப்பட்டவர் தானே பேசவேண்டும். வழக்கறிஞர் அல்லாத நண்பரோ உறவினரோ துணைக்கு இருக்கலாம். பத்தாவது தாண்டாத ஒரு பையன், மூன்று பெரியவர்கள் முன்னால் சில நிமிடங்களில் தன் சுதந்திரத்துக்காகப் பேசவேண்டும். இந்தக் கழகங்கள் ரப்பர் ஸ்டாம்ப் ஆகிவிடக் கூடாது என்று 2024-ல் தெலங்கானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது என்றால், நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

## ஒரு பக்கம் மங்கினால் ஏன் ஆணை விழுகிறது?

காரணங்களோடு கொடுக்கும் ஆவணக் கட்டைப் புக்லெட் என்போம். எஃப்.ஐ.ஆர்., வாக்குமூலங்கள், ரிமாண்ட் அறிக்கை, ஜாமீன் உத்தரவுகள் எல்லாம் அதில் பக்க எண்ணோடு இருக்கும். சிலது நூறு பக்கம், சிலது முந்நூறு.

அந்த அம்மா கொண்டுவந்த புக்லெட்டை மேசையில் விரித்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினோம். நாற்பத்தேழாம் பக்கத்தில் கை நின்றது. நகலுக்கு நகல் எடுத்து எடுத்து, பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு. அது ஒரு காயச் சான்றிதழ். காயம் சாதாரணமா கொடுங்காயமா என்று டாக்டர் எழுதும் இடம் சரியாக அந்தக் கறுப்புக்குள் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் சில பக்கம் தள்ளி ஒரு ஜாமீன் உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தது; தமிழாக்கம் இல்லை. பையனுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும்.

இப்படிப்பட்ட காரணங்களுக்காக உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்யும்போது, ‘டெக்னிக்கல் ஓட்டையில் ரவுடி தப்பித்தான்’ என்று பேசுகிறோம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். சாதாரண வழக்கில் ஒரு காகிதம் மங்கலாக இருந்தால் என்ன? டாக்டரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம். மேல்முறையீடு போகலாம். தடுப்புக் காவலில் டாக்டர் வரமாட்டார், இன்ஸ்பெக்டர் வரமாட்டார், யாரையும் கேள்வி கேட்க முடியாது. கைதிக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆயுதம், அந்தக் காகிதங்களைப் படித்து, ‘ஐயா, இது தப்பு’ என்று ஒரு முறையீடு எழுதுவது. படிக்க முடியாத பக்கத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது? தெரியாத மொழியில் இருப்பதை எப்படி மறுப்பது? விசாரணை, சாட்சி, வழக்கறிஞர் எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகு நடைமுறை மட்டும்தான் அவருடைய சுதந்திரமாக மிஞ்சுகிறது. அதிலும் பிசகினால் ஒன்றுமே இல்லை.

தாமதமும் இப்படித்தான். முறையீடு கிடைத்த நாள், கீழ்நிலை அலுவலர் பார்த்த நாள், செயலாளர் பார்த்த நாள், அமைச்சர் பார்த்த நாள் என்று அரசு ஒரு பட்டியல் தாக்கல் செய்யும். விடுமுறையைக் கழித்துவிட்டு, விளக்கம் இல்லாமல் கோப்பு தூங்கிய நாட்களை நீதிமன்றம் எண்ணும். சில நாள் தாமதத்துக்கே ஆணைகள் விழுந்திருக்கின்றன. கோப்பு மேசையில் தூங்கும் ஒவ்வொரு நாளும் விசாரிக்கப்படாத ஒருவர் சிறையில் இருக்கிறார்.

இன்னொன்று, ஜாமீன் விஷயம். ஏற்கெனவே சிறையில் இருப்பவரை எதற்குத் தடுத்து வைக்கவேண்டும்? ‘ஜாமீனில் வந்துவிடுவார்’ என்று ஆணையில் எழுதுவார்கள். வெறுமனே எழுதினால் போதாது என்று 2011-ல் தமிழ்நாட்டிலிருந்து போன காலாவதி மருந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜாமீன் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் வேண்டும். சாதாரணச் சட்டமே போதும் என்றால் தடுப்புக் காவல் கூடாது. அதனால் இப்போது ‘இதே மாதிரி வழக்கில் வேறொருவருக்கு ஜாமீன் கிடைத்தது’ என்று ஓர் உத்தரவைப் புக்லெட்டில் இணைக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால், பல நேரம் அது இதே மாதிரி வழக்காக இருக்காது.

ரவுடிகளால் நொந்துபோன மக்கள் இதைப் படித்துவிட்டு, ‘அப்போ எங்க கதி என்ன?’ என்று கேட்பது நியாயம். மாமூல் கொடுத்தே கடை நடத்தும் வியாபாரிகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது, வழக்கு பத்து வருடம் இழுக்காமல் சாட்சி தைரியமாகப் பேசி, குற்றவாளி முறையாகத் தண்டனை வாங்குவது. ஜாமீனில் வந்தவர் மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஜாமீன் ரத்துக்குப் போகவேண்டிய இடத்தில் தடுப்புக் காவலை எடுக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியும் ஆயிற்று. குண்டாஸ் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். விசாரிக்கப்படாத அந்த ஆள் அதே தெருவுக்குத் திரும்பி வருவார், வழக்கும் அங்கேயே நின்றிருக்கும்.

## ஆட்கொணர்வு மனு என்றால்

செய்தியில் இந்தச் சொல் காணாமல்போன பெண்ணைப் பற்றி அதிகம் வரும். சட்டத்துக்குப் புறம்பாக ஒருவர் எங்கே அடைபட்டிருந்தாலும் அவரைக் கொண்டுவந்து நிறுத்தி, எந்த அதிகாரத்தில் வைத்திருக்கிறாய் என்று நீதிமன்றம் கேட்பதுதான் ஆட்கொணர்வு மனு. வழக்கறிஞர்கள் எச்.சி.பி. என்பார்கள். அரசியல் சாசனம் 226-ஆவது பிரிவின்படி சென்னையிலோ மதுரைக் கிளையிலோ போடலாம். இரண்டு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். அம்மா, அப்பா, மனைவி, அண்ணன் யார் வேண்டுமானாலும் மனுதாரர் ஆகலாம். குண்டாஸ் வழக்கில் ஆளை நேரில் கொண்டுவரவேண்டியதில்லை, காகிதங்கள் போதும்.

அவன் குற்றம் செய்தானா என்று இங்கே நீதிமன்றம் பார்ப்பதில்லை. ஆணை சட்டப்படி பிறந்ததா, சட்டப்படி நடத்தப்பட்டதா என்று மட்டும் பார்க்கும். இதன் கசப்பான பக்கம், பல மனுக்கள் இறுதி விசாரணைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஜெயித்தாலும் போன மாதங்கள் போனவைதான்.

## வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது

இதையெல்லாம் வழக்கறிஞரிடம் விட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டியதில்லை. நிறைய வேலைகள் வீட்டு மேசையிலேயே நடக்கக்கூடியவை.

புக்லெட் கையில் வந்த அன்றே ஒரு நோட்டை எடுத்து, ஆணை தேதி, கையில் கொடுத்த தேதி, புக்லெட் கொடுத்த தேதி மூன்றையும் எழுதுங்கள். பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். விட்டுப்போன பக்கம், மங்கிய பக்கம், தமிழாக்கம் இல்லாத பக்கம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைதானபோது வீட்டுக்குத் தகவல் சொன்னதாக எழுதியிருந்தால், யாருக்கு, எந்த போன் நம்பருக்கு என்று பாருங்கள். அந்த நம்பர் உங்கள் வீட்டு நம்பரா?

முறையீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஆணை போட்ட அதிகாரிக்கும், அரசின் உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்கும், அறிவுரைக் கழகத்துக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சட்டத் தமிழ் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த தமிழில், சம்பவ நேரத்தில் பையன் எங்கே இருந்தான், எந்தக் காகிதம் படிக்க முடியவில்லை என்று எழுதினால் போதும். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தாமதத்தை எண்ணும்போது அந்தச் சின்னக் காகிதம்தான் பேசும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள்.

இட்லிக் கடை அம்மா இதையெல்லாம் செய்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் கடை மூடிய பிறகு தினமும் வந்து உட்கார்ந்து, விரலை வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். தமிழாக்கம் இல்லாத இரண்டாவது உத்தரவைக் கண்டுபிடித்தது அவர்தான். நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். முறையீட்டில் அவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தேன்.

ஏழாவது மாதம் ஆணை ரத்தானது. அன்று சாயங்காலமே சிறை வாசலுக்குப் போய் ராத்திரி வரை நின்றிருக்கிறார். மகன் வரவில்லை. மறுநாள் காலையில் எங்கள் அலுவலகம் திறப்பதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தார். குண்டாஸ் போனாலும் கிரவுண்ட் கேஸ் அப்படியேதான் இருக்கிறது, அதில் தனியாக ஜாமீன் எடுக்கவேண்டும் என்று நான் முன்பே சொல்லியிருக்கவேண்டும். இப்போது சொன்னேன். ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும் என்றதும், பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, அடுத்த பக்கத்தைத் திருப்பி, “சொல்லு தம்பி, என்னென்ன கொண்டு வரணும்?” என்றார்.